பெர்க் குளிருக்கு என்ன சாப்பாடு கட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் கடைசியில, இங்க தென்னாப்பிரிக்கால குளிர்கால ஸ்கூல் லீவு நெருங்கினாலே நம்ம ஆளுங்க டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு (சுருக்கமா பெர்க்) கிளம்பிடறாங்க, கிளம்பறதுக்கு முந்தின வாரம் வாட்ஸ்அப்ல சாப்பாடு பத்தி அதே கேள்விங்க திரும்பத் திரும்ப வருது. டர்பன், மாரிட்ஸ்பர்க், ஜோபர்க்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்க கேட்டதைக் கேட்ட மாதிரியே கீழ போட்டிருக்கேன். ரூம் போட்டுத் தங்கறவங்களுக்கு இதுல பாதிதான் பொருந்தும், டென்ட்லயோ குகையிலயோ ராத்திரி தங்கப் போறவங்களை மனசுல வெச்சுதான் எழுதினேன். ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், எந்தக் கேள்வி கேட்டாலும் கடைசியில இதுலதான் வந்து நிக்கும்: சமையலை வீட்லயே முடிச்சுடுங்க, மலையில வெந்நீர் வைக்கிற வேலை மட்டும் இருக்கட்டும்.

டர்பன்ல ஜூலைலயும் ஒரு ஸ்வெட்டர் போதுமே, பெர்க்ல அப்படி என்ன பெரிய குளிர்?

டர்பன் கடலோரம். பெர்க்ல ஆம்ஃபிதியேட்டர்ங்கிற பெரிய பாறைச்சுவர் மேல ஏறினா கிட்டத்தட்ட 3000 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏற ஏற ஆறு ஏழு டிகிரி குறையும், அதனால டர்பன்ல பகல்ல 22 டிகிரி இருக்கும்போது மேல ரெண்டு மூணு டிகிரிதான், ராத்திரி மேகம் இல்லாம வானம் தெளிஞ்சிருந்தா மைனஸ் 5 சாதாரணம், மைனஸ் 10 வரைக்கும் கூட போகும், கூடவே காத்து. குளிர்காலம் அங்க மழை இல்லாத சீசன், ஆனா ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் எப்ப வேணா ஸ்நோ விழலாம்.

சாப்பாட்டு விஷயத்துல இதனால நாலு மாற்றம். ஈரமா இருக்கிறதெல்லாம் உறையும், கை விறைச்சுப்போய் சின்ன முடிச்சைக்கூட அவிழ்க்க வராது, அடுப்பு மெதுவா எரியும், உடம்பு சூடா இருக்கிறதுக்கே நிறைய எரிபொருள் கேக்கும். இந்த நாலையும் ஞாபகத்துல வெச்சுக்கிட்டா பாதி சந்தேகம் தானா தீந்துடும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ எடுக்கணும்?

பை தூக்கிட்டு நாள் முழுக்க நடக்கிற பெரியவங்களுக்கு குளிர்ல 3000லேர்ந்து 4000 கலோரி வரைக்கும் வேணும். ஆபீஸ்ல உக்காந்து சாப்பிடறதைவிட ஒன்றரை மடங்கு, சில பேருக்கு ரெண்டு மடங்கு. தண்ணி சத்து இல்லாத காய்ஞ்ச பொருளா எடுத்தா 700லேர்ந்து 900 கிராம்ல இது அடங்கிடும்.

எதைத் தூக்கறோம்ங்கிறதுதான் விஷயம். 100 கிராம் ஆப்பிள்ல 50 கலோரி சொச்சம்தான், 100 கிராம் வெந்த சோத்துல 130, அதே 100 கிராம் வேர்க்கடலைல 570, நெய்ல 900 கிட்ட. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு மட்டும் 9. அதனால மூணு நாள் பயணத்துக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் மூட்டை கட்டறது வெறும் தண்ணியைத் தூக்கறதுதான், கார் நிக்கிற இடத்துல சாப்பிட வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, திரும்ப வர்ற நாளுக்கு மேல ஒரு நாள் சாப்பாடு எக்ஸ்ட்ராவா இருக்கணும், அதுவும் சமைக்காம அப்படியே சாப்பிடற மாதிரி இருக்கணும்.

சோறு இல்லாம எங்க வீட்டுக்காரருக்கு முடியாது, அரிசி எடுத்துட்டுப் போய் வடிச்சுக்கலாமா அக்கா?

பச்சை அரிசியோ பாஸ்மதியோ, மேல கொண்டு போய் வேக வைக்காதீங்க. உயரம் ஏற ஏற தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சுடும். ஜோபர்க்ல 94 டிகிரி கிட்ட, 3000 மீட்டர்ல 90 டிகிரி. தளதளன்னு கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியும், ஆனா சூடு பத்தாது, அரிசி நடுவுல நறுக்குன்னு நிக்கும், அதுக்குள்ள கேஸ் பாதி காலி. ஊர்லேர்ந்து வந்து ஜோபர்க்ல குடியேறினவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், மூணு விசில் வெச்ச இடத்துல அஞ்சு விசில் வைக்கிறாங்க.

சோத்து ருசி வேணும்னா அவல் எடுங்க. கெட்டி அவல் கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி வெச்சா அஞ்சு பத்து நிமிஷத்துல ரெடி, அதுல புளிக்காய்ச்சலோ பருப்புப் பொடியும் நெய்யுமோ போட்டுப் பிசைஞ்சா சோறு கேக்கிற ஆளுங்களும் தட்டை நீட்டறாங்க. வறுத்த ரவை, சேமியா, காய்ஞ்ச அரிசி சேவை, சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கிற கூஸ்கூஸ் எல்லாம் இதே கதைதான், வெந்நீர் போதும். சோறேதான் வேணும்னு பிடிவாதமா இருந்தா, வீட்ல நல்லா குழைய வடிச்சு, எண்ணெய் சேக்காம தட்டுல மெல்லிசா பரப்பி அவன்ல 60, 70 டிகிரில கதவை லேசா திறந்து வெச்சு மொறுமொறுன்னு காய வெச்சுடுங்க. அது ஏற்கெனவே வெந்த அரிசி, மேல போய் வெந்நீர்ல ஊறினாலே போதும்.

பருப்பு, சாம்பார்?

துவரம்பருப்புக்கு மேல சொன்ன பிரச்சினை இன்னும் மோசம், அது 90 டிகிரில லேசுல மலராது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பொட்டுக்கடலை, துவரம்பருப்பு வறுத்து அரைச்ச பருப்புப் பொடி, அது வறுத்ததுனாலயே சாப்பிடத் தயாரா இருக்கு. இன்னொண்ணு, வீட்ல சாம்பாரைக் கெட்டியா, எண்ணெய் இல்லாம, காயெல்லாம் பொடியா நறுக்கிப் போட்டு வெச்சு, மசிச்சு, பேக்கிங் பேப்பர்ல தடவி சோறு காய வெச்ச அதே முறையில காய வைக்கிறது. தோல் மாதிரி உரிஞ்சு வரும், அதை மிக்ஸில ஒரு சுத்து விட்டா சாம்பார் தூள். ஜூலைல ஜோபர்க் காத்து அவ்ளோ வறண்டு இருக்கும், அங்க இருக்கிறவங்களுக்கு இந்த வேலை சுலபம், டர்பன் ஈரக்காத்துல கூடுதலா ரெண்டு மணி நேரம் வெச்சுக்கோங்க.

எண்ணெய் ஏன் வேணாம்னா, எண்ணெய் இருந்தா காயாது, காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். நெய்யைத் தனியா கொண்டு போய் மேல சேத்துக்கோங்க.

புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிட்டுப் போனா எத்தனை நாள் தாங்கும்? ட்ரெயின்ல போகும்போது அம்மா அப்படித்தானே கட்டுவாங்க.

புளியோதரை முதல் நாள் மதியத்துக்கு அருமை, அதுக்கு மேல வேணாம். கெட்டுப்போறது ஒரு காரணம். வடிச்ச சோறு காருக்குள்ள வெயில் படற இடத்துல மூணு நாலு மணி நேரம் இருந்தா அதுல கிருமி வளந்து விஷத்தன்மை உண்டாக்கும், அதைத் திரும்பச் சுட வெச்சாலும் போகாது. புளியும் எண்ணெயும் கொஞ்சம் தடுக்கும், முழுசா தடுக்காது. ரெண்டாவது காரணம் குளிர். வெந்த அரிசி குளிர்ல விறைச்சு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா கல்லு மாதிரி ஆயிடும், சாயங்காலம் அதை வாயில போட்டு மெல்லவே முடியாது.

தயிர்சாதம் பெர்க்குக்குச் சரிவராது. ஈரம் அதிகம், கனம் அதிகம், ராத்திரி வெளிய இருந்தா உறைஞ்சுடும், குளிர்ல யாரும் ஆசையா தொடவும் மாட்டாங்க. புளிக்காய்ச்சலை மட்டும் நல்லெண்ணெய் தாராளமா விட்டு சுண்டக் காய்ச்சி வாயகன்ற டப்பால எடுத்துட்டுப் போங்க, பயணம் முழுக்க உதவும்.

இட்லி, சப்பாத்தி?

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லி முதல் நாள் மதியம் வரைக்கும். சப்பாத்தி ரெண்டு நாள் தாங்கும், மாவு பிசையும்போதே கொஞ்சம் எண்ணெயும் பால் பவுடரும் சேத்தா விறைக்காது. ராத்திரி ஸ்லீப்பிங் பேக் உள்ள வெச்சுக்கோங்க. டர்பன் வீடுகள்ல ரொட்டிக்குள்ள உருளைக்கிழங்கு கறி வெச்சுச் சுருட்டிக் குடுப்பாங்கல்ல, அதுவும் முதல் நாளுக்கு நல்லது, ரெண்டாவது நாள்லேர்ந்து பீனட் பட்டர் தடவிச் சுருட்டுங்க.

நெய், எண்ணெய் எல்லாம் உறைஞ்சு போயிடாதா?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழயே கட்டியாயிடும், டர்பன்ல குளிர்காலத்துல பாத்ரூம் அலமாரிலயே பாத்திருப்பீங்க. நெய்யும் கட்டியாத்தான் இருக்கும், அதனால பாட்டில்ல எடுக்காதீங்க, ஸ்பூன் உள்ள போற டப்பால எடுங்க. நல்லெண்ணெய் குளிர்லயும் ஊத்தற பதத்துல இருக்கும், ரொம்ப குளிர்னா கொஞ்சம் கெட்டியாகும். எதையும் ஊத்தற வேலையே வேணாம்னா, ரவை வறுக்கும்போதே நெய்யைச் சேத்து வறுத்துடுங்க, மேல போய் டப்பா தேட வேணாம்.

வழக்கமா நெய்யைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கிறவங்க இந்த ரெண்டு மூணு நாளுக்கு என்ன செய்யலாம்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்க, கடலை, பாதாம், எள்ளுலேர்ந்தும் கொழுப்பு கிடைக்கும்.

காலைல எழுந்து என்ன செய்யறது? டென்ட்டை விட்டு வெளிய வரவே மனசு வராது.

வெளிய வர வேணாம்ங்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. முந்தின ராத்திரியே வெந்நீர் வெச்சு ஃப்ளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டா காலைல படுக்கையில உக்காந்தே கஞ்சி கலக்கலாம். வீட்ல வறுத்து அரைச்ச சத்துமாவு, பால் பவுடர், பொடிச்ச வெல்லம், ஏலக்காய், கொஞ்சம் நெய், எல்லாத்தையும் ஒரு வேளைக்கு ஒரு ஜிப் கவர்னு போட்டுக்கோங்க. மாவை நல்லா வறுத்திருக்கணும், அரைகுறையா வறுத்தா வெந்நீர்ல கரைச்சாலும் பச்சை வாடை அடிக்கும். ஃப்ளாஸ்க் தண்ணி காலைல கொஞ்சம் ஆறியிருக்கும்ங்கிறதால இது முக்கியம்.

ஓட்ஸும் சரிதான், எல்லா கடையிலயும் கிடைக்கும், ஆனா எனக்குச் சத்துமாவுதான். பெர்க்ல கடும் குளிர் வர்ற நாளுங்க நமக்கு ஆடி மாசம், சாட்ஸ்வொர்த்துல மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்தற சமயம். அந்தக் கூழ் வயித்துல எவ்ளோ நேரம் நிக்கும்னு குடிச்சவங்களுக்குத் தெரியும், நடக்கிறவங்களுக்கு அதுதான் வேணும்.

நடக்கும்போது வாயில போட்டுக்க என்ன எடுக்கலாம்?

கிளவுஸைக் கழட்டாம எடுக்க முடியணும், அதான் முதல் தகுதி. கழட்டினா கை விறைக்கும், விறைக்கும்னு தெரிஞ்சா யாரும் சாப்பிட மாட்டாங்க, சாப்பிடலன்னா ரெண்டு மணிக்கு மேல கால் நகராது. கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் பிரமாதம், ஆனா குளிர்ல பல்லு உடையற அளவுக்கு இறுகிடும், அதனால வீட்லயே சின்னச் சின்ன துண்டா உடைச்சு, பேரீச்சம்பழம், முந்திரி, திராட்சையோட கலந்து ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கோங்க. சாக்லேட் பாரும் அப்படித்தான், உறையைப் பிரிச்சு வெட்டி வெச்சுக்கணும். முறுக்கு, மிக்சர் இறுகாது, உப்பும் கிடைக்கும், நொறுங்கிடும்ங்கிறதால டப்பால போடுங்க.

கறி சாப்பிடறவங்களுக்கு இந்த நாட்ல பில்டாங்கை (உப்பு, மசாலா போட்டுக் காய வெச்ச கறி) விட நல்லது இல்ல. கெடாது, புரதம், உப்பு எல்லாம் இருக்கு. கொழுப்பு ஓரம் இருக்கிறதா கேட்டு வாங்குங்க, மெல்லிசா சீவித் தரச் சொல்லுங்க. காய வெச்ச சாசேஜான ட்ரோயவோர்ஸ்ல கொழுப்பு இன்னும் அதிகம், குளிருக்கு அது பில்டாங்கையே மிஞ்சும்.

ஒரு வேளைக்குன்னு நிறுத்தி சாப்பிடறதைவிட மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடறது நல்லது. நின்னு உக்காந்தா வேர்வை குளிர்ந்து உடம்பு நடுங்க ஆரம்பிச்சுடும்.

நாங்க சுத்த சைவம், புரட்டாசில போறோம், புரதத்துக்கு என்ன பண்றது?

புரட்டாசின்னா இங்க வசந்தம் ஆரம்பம், ஆனா மலையில குளிர் போயிருக்காது, கடைசில காரைப் பத்தின கேள்வியில ஒரு சம்பவம் சொல்லியிருக்கேன் பாருங்க. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பால் பவுடர், பருப்புப் பொடி இதுலயே நிறைய கிடைச்சுடும். செடார் சீஸ் கட்டியா எடுத்தா குளிர்ல நாலஞ்சு நாள் தாங்கும். இங்க கிடைக்கிற சோயா மின்ஸ் பாக்கெட் வேலைக்கு ஆகும், வெந்நீர்ல சீக்கிரம் ஊறும், ஆனா பாக்கெட் பின்னாடி இருக்கிறதைப் படிங்க, வெங்காயம், பூண்டு சேக்காதவங்களுக்கு அது ஆகாது. அவங்க பிளெயின் சோயாவை வாங்கி வீட்டுப் பொடி போட்டுக்கலாம், டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்லயும் ஜோபர்க் ஃபோர்ட்ஸ்பர்க்லயும் மசாலா சாமான் எல்லாம் கிடைக்கும்.

கேம்பிங் கடைல விக்கிற ஃப்ரீஸ்-ட்ரை பாக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம், எடை ரொம்பக் குறைவு, வெந்நீர் ஊத்தினா போதும். விலைதான் ஜாஸ்தி, ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கிறது பல சமயம் பசிச்ச ஒரு ஆளுக்குத்தான் பத்தும், காரமும் இருக்காது. எமர்ஜென்சிக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க. மத்தபடி மேல சொன்ன ரவை, அவல், காய்ஞ்ச சாம்பார் அதே வேலையைத்தான் செய்யுது.

போன தடவை ஸ்டவ் காலைல எரியவே இல்ல, கேஸ் இருந்துச்சு, ஆட்டினா சத்தம் கேட்டுச்சு. ஏன்?

உங்க சிலிண்டர்ல வெறும் பியூட்டேன் இருந்திருக்கும். அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழ ஆவியாகாது, உள்ள திரவமாவே கிடக்கும், ஆட்டினா சத்தம் கேக்கும், அடுப்புக்கு வராது. மேசை மேல வைக்கிற ஸ்டவ்வுக்குப் போடற நீளமான கேன் பெரும்பாலும் இந்த ரகம். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரைக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும், அதனால இது ரெண்டும் கலந்த, திருகி மாட்டற கேனா பாத்து வாங்குங்க. ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டுல வெச்சுக்கோங்க. நெருப்புல காட்டி சூடு பண்ணாதீங்க. டென்ட்டுக்குள்ள ஜிப்பை மூடிட்டு அடுப்பு பத்த வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும். ஃப்ளைட்ல வர்றவங்க கேனைப் பைல வெச்சுட்டு வரக்கூடாது, இறங்கின ஊர்ல வாங்கிக்கோங்க.

கேஸை மிச்சம் பண்ண ஒரு வழி: தண்ணி கொதிச்சு ரவைல ஊத்தினதும் பாத்திரத்தை மூடி, பழைய டவல்லயோ ஃபாயில் வெச்ச பபிள் ஷீட்லயோ சுத்தி பத்து நிமிஷம் வெச்சுடுங்க. அடுப்பு அணைஞ்சிருக்கும், உள்ள வெந்துட்டிருக்கும்.

அப்ப விறகு பொறுக்கி ப்ராய் (நெருப்புல கறி சுடறது) போட்டுக்கலாமே?

மலையில கூடாது. நடைபாதையிலயும் குகைகள்லயும் வெளிப்படையா நெருப்பு மூட்டறதுக்குத் தடை, குளிர்காலத்துல புல்லெல்லாம் காய்ஞ்சு கிடக்கும், ஒரு பொறி போதும். குகைச் சுவர்ல இந்த மண்ணோட பூர்வகுடிங்களான சான் மக்கள் வரைஞ்ச ஓவியங்க இருக்கு, புகை பட்டா போச்சு, அந்த ஓவியங்களுக்காகவும்தான் அந்த இடம் 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. கீழ கேம்ப்சைட்ல ப்ராய் போட இடம் கட்டியிருப்பாங்க, அங்க தாராளமா போடுங்க.

குளிர்ல தாகமே எடுக்கல, தண்ணி குறைச்சு எடுத்துட்டுப் போலாமா?

தாகம் எடுக்காதுங்கிறதுதான் ஆபத்து. காத்து வறண்டது, மூச்சு விட விட தண்ணி போகும், மூத்திரம் மஞ்சளா போச்சுன்னா ஏற்கெனவே குறைஞ்சாச்சு. வெந்நீராவே குடிங்க, சுக்கு தட்டிப்போட்டு வெல்லம் சேத்தா குடிக்க ஆசை வரும். ரசப்பொடியை வெந்நீர்ல போட்டு உப்பு சேத்துக் குடிக்கிறது சாயங்காலம் டென்ட் போட்டதும் முதல் வேலையா இருக்கட்டும்.

குளிர்காலத்துல சின்ன ஓடைங்க வத்திடும், குகைப் பக்கத்துல தண்ணி இருக்கும்னு நம்பிப் போகாதீங்க, கீழ ஆபீஸ்ல விசாரிச்சுட்டு ஏறுங்க. மேல, பக்கத்து நாடான லெசோத்தோ பக்கம் ஆடு மாடு மேயுது, அதனால ஓடைத் தண்ணியைக் கொதிக்க வெச்சே குடிக்கணும், அந்த உயரத்துல மூணு நிமிஷம் தளதளன்னு கொதிக்கட்டும். ஃபில்டர் வெச்சிருக்கிறவங்க அதை ராத்திரி கூடவே வெச்சுத் தூங்குங்க, ஒரு தடவை உறைஞ்சா உள்ள இருக்கிற நுண்குழாய் வெடிச்சுடும், வெளிய பாத்தா தெரியாது. பாட்டிலைத் தலைகீழா நிறுத்தி வைங்க, ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல பிடிக்கும், அப்ப மூடி பக்கம் உறையாம இருக்கும்.

ஒரு பெக் பிராந்தி போட்டா குளிருக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

நல்லதில்ல. குடிச்சதும் தோலுக்குப் போற ரத்தக்குழாய் விரியும், முகம் சூடா இருக்கிற மாதிரி தோணும், ஆனா உள்ள இருக்கிற சூடு வெளிய போயிட்டிருக்கும். நடுக்கமும் குறையும், நடுங்கறதுதான் உடம்பு சூடு உண்டாக்கற வழி. டீ, காபி தாராளமா குடிங்க. தூங்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி கடலையோ ஒரு ஸ்பூன் நெய் போட்ட பாலோ உள்ள போகட்டும், அது செரிக்கும்போது வர்ற சூடு ராத்திரி நடுவுல விழிச்சு நடுங்காம காப்பாத்தும்.

மேல போனா பசியே இல்ல, எதைப் பாத்தாலும் குமட்டுது. அதுக்கு என்ன?

உயரத்துல பசி குறையறது சகஜம், ஆம்ஃபிதியேட்டருக்கு நடக்க ஆரம்பிக்கிற சென்டினல் கார் பார்க்கே 2500 மீட்டருக்கு மேல, டர்பன்லேர்ந்து ஒரே நாள்ல வந்து இரும்பு ஏணி ஏறிட்டா உடம்பு திணறும். இனிப்பு, கஞ்சி, ரசம் மாதிரி முழுங்க சுலபமானதை அடிக்கடி குடுங்க, கொழுப்பு நிறைஞ்சதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு பொருளாவது பைல இருக்கணும், மாவடுவோ எலுமிச்சை ஊறுகாயோ எதுவா இருந்தாலும் சரி. நாக்குக்கு ருசியா ஒண்ணு இருந்தா மத்ததும் கூட இறங்கும். தலைவலி அதிகமாகி வாந்தியும் வந்தா சாப்பாட்டுல சரி பண்ணப் பாக்காதீங்க, கீழ இறங்குங்க.

அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடறார், அவரையும் கூட்டிட்டுப் போலாமா?

டாக்டர்கிட்ட கேக்காம வேணாம், நடையும் குளிரும் சேந்தா இன்சுலின் அளவே மாற வேண்டி வரலாம். சம்மதம் கிடைச்சா ரெண்டு விஷயம். இன்சுலின் உறையவே கூடாது, உறைஞ்சு இளகினா வேலை செய்யாது, தூக்கி எறிய வேண்டியதுதான், அதனால பைல வைக்காம உள்சட்டைப் பாக்கெட்ல வைங்க. சுகர் பாக்கிற மிஷினும் குளிர்ல எர்ரர் காட்டும், கையில வெச்சு சூடாக்கிட்டுப் பாருங்க. நடக்க நடக்க சுகர் இறங்கும், குளுக்கோஸ் மிட்டாய் அவர் பாக்கெட்லயும் இருக்கணும், கூட நடக்கிறவங்க பாக்கெட்லயும் இருக்கணும்.

குழந்தைங்களுக்கு?

வீட்ல சாப்பிடாததை மலையில சாப்பிட மாட்டாங்க. நூடுல்ஸ் பிடிக்கும்னா நூடுல்ஸே குடுங்க, மேல நெய்யும் பொடிச்ச வேர்க்கடலையும் சேத்துடுங்க. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும், அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில போகணும், ஃப்ளாஸ்க்ல சூடா மைலோ இருக்கட்டும்.

பபூன் குரங்கு வந்து பையைத் தூக்கிட்டுப் போயிடுமா?

தூக்கும். ஜிப்பைத் திறக்கத் தெரியும், டென்ட்டைக் கிழிக்கத் தெரியும். சாப்பாட்டை டென்ட்டுல விட்டுட்டு நடக்கப் போகாதீங்க, கார்ல வெச்சுப் பூட்டுங்க, கையால எதுவும் ஊட்டாதீங்க. மேல குகைல எலித் தொல்லை, பையைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்க. ஆரஞ்சுத் தோல், டீத்தூள் உட்பட எல்லா மிச்சமும் உங்களோடவே கீழ இறங்கணும்.

ரெண்டு ராத்திரிக்கு ஒரு மெனு சொல்லிடுங்களேன் அக்கா, நான் அப்படியே கட்டிடறேன்.

முதல் நாள் மதியம் புளியோதரை இல்ல பொடி இட்லி, கார் நிக்கிற இடத்துலயே முடிச்சுடுங்க. சாயங்காலம் டென்ட் போட்டதும் ரசம், அப்புறம் ரவை உப்புமா. உப்புமாவுக்கு ரவையை நெய்ல வறுத்து, கடுகு, உளுந்து, காய்ஞ்ச மிளகாய், முந்திரி தாளிச்சு, கறிவேப்பிலையை மொறுமொறுன்னு ஆனதும் சேத்து உப்பும் போட்டு ஆற வெச்சு கட்டிக்கோங்க, ஒரு கப் கலவைக்கு ரெண்டேகால் கப் கொதிக்கிற தண்ணி. ரெண்டாவது நாள் காலைல சத்துமாவுக் கஞ்சி, மதியம் சப்பாத்தியும் பீனட் பட்டரும், நடுநடுவுல பாக்கெட் நொறுக்கு, ராத்திரி அவலும் காய்ஞ்ச சாம்பாரும் நெய்யும், அப்பளத்தை வீட்லயே பொரிச்சு நொறுக்கி எடுத்துட்டு வந்தா மேல தூவிக்கலாம். மூணாவது நாள் காலைல திரும்பக் கஞ்சி, இறங்கற வழிக்கு பில்டாங் இல்ல கடலைமிட்டாய். இது போக முன்னாடி சொன்ன ஒரு நாள் எக்ஸ்ட்ரா.

ஒவ்வொரு வேளையையும் தனிக் கவர்ல போட்டு மேல நாளும் வேளையும் எழுதிடுங்க. இருட்டுல டார்ச் வெளிச்சத்துல பை முழுக்க கொட்டித் தேடறதுதான் குளிர்ல ரொம்பக் கொடுமை.

நாங்க மலை ஏறல, ஜோபர்க்லேர்ந்து டர்பனுக்குக் கார்லதான் போறோம். எங்களுக்கும் இதெல்லாம் வேணுமா?

வேணும். 2024 செப்டம்பர் 20 ராத்திரி வான் ரீனன்ஸ் பாஸ், ஹாரிஸ்மித் பக்கம் கடும் ஸ்நோ விழுந்து என்3 ரோடே அடைஞ்சுபோச்சு, நிறைய பேர் ராத்திரி முழுக்க காருக்குள்ளயே மாட்டிக்கிட்டாங்க. மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை, குளிர்காலம் முடிஞ்சாச்சுன்னு எல்லாரும் நினைச்சிருந்த நேரம். ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் அந்த ரோட்ல போறவங்க ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, சூடா ஒரு ஃப்ளாஸ்க், கடலைமிட்டாய், ரஸ்க், முறுக்கு, பேரீச்சம்பழம், போர்வை வெச்சுக்கோங்க. சமைக்க வேண்டியது எதுவும் வேணாம், கார்ல அடுப்பு பத்த வைக்க முடியாது. இந்த சாமான் எல்லாம் பின் சீட்ல இருக்கட்டும், டிக்கில வெச்சா ஸ்நோல இறங்கித் திறக்கணும்.

கூட வந்தவர் நடுங்கறார், பேச்சு குழறுது. அப்ப என்ன சாப்பிடக் குடுக்கணும்?

முதல்ல காத்து படாத இடத்துக்குக் கொண்டு போங்க, ஈரத்துணியை மாத்துங்க, தலையும் கழுத்தும் சேத்து மூடுங்க, தரை உடம்புச் சூட்டை இழுக்காம அடியில பாய் போடுங்க. நல்லா நடுங்கறார், சுயநினைவோட பேசறார், தானா கப்பைப் பிடிச்சுக் குடிக்க முடியுதுன்னா இனிப்பு நிறையப் போட்டு வெதுவெதுப்பா டீயோ மைலோவோ குடுங்க, அப்புறம் வெல்லம், குளுக்கோஸ், சாக்லேட். இந்த நேரத்துல நெய் உதவாது, அது மெதுவா செரிக்கும், சட்டுனு எரியறது சர்க்கரைதான். பிராந்தி ஏன் கூடாதுன்னு மேல சொல்லிட்டேன்.

பேச்சு குழற ஆரம்பிச்சுட்டாலே நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம், அப்ப கப் பிடிக்கவும் முழுங்கவும் சரியா முடியுதான்னு பாத்துட்டுதான் குடுக்கணும். நடுக்கம் நின்னுபோச்சு, ஆள் தூங்கி விழறார், கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றார்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். நடக்க வைக்காதீங்க, கை காலைத் தேய்க்காதீங்க, படுக்க வெச்சு மூடிட்டு உடனே ரெஸ்க்யூவுக்கு ஆள் கூப்பிடுங்க. போன் சிக்னல் எல்லா இடத்துலயும் இருக்காது, அதனால கிளம்பும்போதே கீழ ஆபீஸ்ல இருக்கிற மலை ரெஜிஸ்டர்ல எந்த வழி, எத்தனை பேர், என்னைக்குத் திரும்பறோம், எத்தனை நாளுக்கு சாப்பாடு கையில இருக்குன்னு ஒழுங்கா எழுதிட்டு ஏறுங்க.